சுலோவின் கிண்ணம்

மார்ச் 9, சனி

மேகலா இந்த நாட்குறிப்பை வாங்கித் தந்து இரண்டு மாதமாகிறது. "அப்பா, வேலய விட்டதுலேருந்து அம்மாவ ரொம்பப் படுத்துறீங்க. எரிச்சல் வந்தா இதுல எழுதுங்க. அவங்ககிட்ட கொட்டாதீங்க" என்றாள். மாசமாக இருக்கும் பெண்ணிடம் வாதாட முடியுமா? வாங்கி அலமாரியில் வைத்தேன். இன்றுதான் திறக்கிறேன். எரிச்சல் வந்திருக்கிறது.

மத்தியானம் சுலோ சமைக்கவில்லை. "வாங்க, வெளியில சாப்பிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். நாலு அடுக்குமாடி புளோக் தள்ளி, முன்பு நகலெடுக்கும் கடை இருந்த இடத்தில் ஒரு சிச்சுவான் கடை வந்திருக்கிறது. மீ நூடுல்சும் கொழுக்கட்டையும்தான் விற்கிறார்கள். பெயர்ப்பலகை முழுக்கச் சீனம். நமக்காக ஒரு மிளகாய் சிரிக்கும் படம்.

உட்கார முக்காலி. சாய்ந்துகொள்ள இடமில்லை. மேசையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று ஆளிடம் சொல்ல முடியாது, கைப்பேசியில் படம் பார்த்து அழுத்த வேண்டும். இந்தத் தோ பாயோ வட்டாரத்தில் பாதி புளோக்குகளின் மின்தூக்கிகளைப் பிரித்து மாட்டியவன் நான். ஒரு கிண்ணம் மீ வாங்கத் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுலோதான் அழுத்தினாள்.

மீ வந்தது. மேலே அரைத்த கோழியும் வேர்க்கடலையும், அடியில் சிவப்பு எண்ணெய். கொழுக்கட்டையும் அதே எண்ணெயில் முங்கிக் கிடந்தது. இரண்டாவது வாயிலேயே என் உதடு மரத்துவிட்டது. சின்ன வயதில் பேட்டரி முனையை நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அந்த விறுவிறுப்பு. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் விறுவிறுக்கிறது. அவர்கள் ஊர் மிளகாம். காசு கொடுத்துப் பல் டாக்டர் ஊசி போட்டுக்கொண்டது போல இருந்தது.

சுலோவைப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய, மூக்கு நுனி சிவக்க, குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"உப்பு கூட" என்றேன்.

கிண்ணத்தை வழித்து முடித்தாள். வீட்டில் ஒரு மாதமாகப் பாதித் தட்டிலேயே கை கழுவுகிறவள்.

மார்ச் 16, சனி

மறுபடியும் அதே கடை. வீட்டில் மீன் இருக்கிறது, நானே பசாரில் பார்த்து வாங்கிவந்த வஞ்சிரம். "அத ராத்திரி பாத்துக்கலாம்" என்கிறாள்.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதைப் போன தடவை சுலோ கடைக்காரம்மாவிடம் சொல்லியிருந்தாள். இன்று வாசலில் கால் வைத்ததுமே அந்த அம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பி, "நோ பீஃப்! நோ பீஃப்!" என்று கத்தினாள். கடையே திரும்பிப் பார்த்தது. அறுபத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒரு பெயர்.

அந்த அம்மாள் பெயர் லுவோ. சீனத்துச் செங்டுவிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ஐம்பது வயதிருக்கும். துண்டு துண்டாகத்தான் இங்கிலீஷ் பேசுகிறாள். சுலோவும் அவளும் கையையும் முகத்தையும் வைத்தே ஊர்க்கதை முழுவதும் பேசிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். சுலோவின் கிண்ணத்தில் நசுக்கிய வெள்ளரிக்காய், கூடுதல் கடலை, பொரித்த ஏதோ ஒன்று எல்லாம் இருந்தது. என் கிண்ணத்தில் இல்லை. ஒரே விலைதான் கொடுக்கிறோம். கேட்டதற்கு, "அவங்க அன்பா போடுறாங்க, விடுங்களேன்" என்றாள்.

மார்ச் 20, புதன்

பால் அடிப்பிடித்துக் கருகியது. நான் வரவேற்பறையில் இருந்தே கத்தினேன். அவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு யோசனை எங்கேயோ. பிப்ரவரியில் எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள். நான் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டேன். அவள் எழுந்தாளே தவிர, ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

சாம்பாரில் ஒரு நாள் உப்பே இல்லை. மறு நாள் கடல் தண்ணீர். சொன்னால், "மேசையில உப்பு இருக்கு, போட்டுக்குங்க" என்கிறாள். முன்பெல்லாம் உப்பைப் பற்றி வாய் திறந்தால் பதிலுக்கு நாலு வாங்கிக் கட்டிக்கொள்வேன். இப்போது சண்டைக்கும் வருவதில்லை. சாப்பாட்டில் சுவை இல்லாவிட்டால் சண்டையாவது இருக்க வேண்டாமா?

நாளுக்கு மூன்று முறை குளிக்கிறாள். பவுடர் டப்பா வாரத்தில் காலியாகிவிடுகிறது. இந்த வயதில் யாருக்காக இவ்வளவு அலங்காரம் என்று வேடிக்கையாகக் கேட்டேன். முகம் சுருங்கிப்போனது. வேடிக்கையைக்கூட வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஏப்ரல் 3, புதன்

சிரிக்கும் மிளகாய். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. உதடு மரத்ததால் கோப்பிக் கடையில் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. மேகலாவும் மாப்பிள்ளை விமலனும் வந்திருந்தார்கள். வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி எல்லாம் உண்டு. சுலோ காலையிலிருந்து நின்றாள்.

பாயசத்தை ஒரு வாய் வைத்தேன். ஏலக்காயை அப்படியே அரைத்து ஊற்றியது போல இருந்தது. "என்ன சுலோ, இருமல் மருந்தா?" என்றேன். மேகலா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். விமலன் நல்ல பிள்ளை, இரண்டு கிண்ணம் குடித்தான். குடித்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தான்.

சுலோ சமையலறைக்குப் போய் ஏலக்காய் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். டப்பாவைக் கண்ணால் பார்த்து என்ன தெரியப் போகிறது?

மேகலா போகும்போது, "அம்மாவ கொஞ்சம் கவனிங்கப்பா. சரியாவே சாப்பிடல. இளச்சுட்டாங்க" என்றாள். அந்தக் கடையில் வந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டாள். வண்டி வண்டியாக இறங்குகிறது.

ஏப்ரல் 27, சனி

இன்று இரண்டு எரிச்சல்.

முதலாவது: ஜூன் மாதம் மேகலாவுக்கு வளைகாப்பு. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் என்று எல்லாவற்றையும் சுலோதான் செய்வாள் என்று என் தங்கையிலிருந்து சம்பந்தி வீடு வரைக்கும் எல்லோரும் நாக்கைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இன்று திடீரென்று, "வெளியில சொல்லிடலாங்க. சமையல்காரங்க கொண்டுவந்து வச்சிட்டுப் போயிடுவாங்க" என்கிறாள்.

"ஒரே பொண்ணு. அவ வளைகாப்புக்கு ஊரான் சமையலா?"

"எனக்கு முடியல."

"என்ன முடியல? காலு வலியா, கை வலியா?"

"ஒன்னுமில்ல. முடியல, விடுங்க."

காரணம் சொல்லாத ஆளோடு எப்படிப் பேசுவது? மின்தூக்கி கெட்டால்கூட எந்த மாடியில் நின்றது என்று காட்டும்.

இரண்டாவது: பசாருக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். வெகு நேரம் ஆகியும் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். சிரிக்கும் மிளகாய்க் கடையில்தான் இருந்தாள். இன்னும் கூட்டம் வராத நேரம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். லுவோ அம்மாள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து சுலோவின் மூக்குக்குக் கீழே பிடிக்கிறாள். காடி, எள்ளெண்ணெய், கறுப்பாக ஏதோ ஊறுகாய், அப்புறம் இஞ்சியைக் கீறி வேறு நீட்டினாள். சுலோ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்கிறாள். கடைசியில் லுவோ தன் கையைத் துடைத்துவிட்டு சுலோவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ வியாபாரம் பேசுகிறார்கள் போல. நம்மிடம் சொல்லாமல் என்ன வியாபாரம்?

உள்ளே போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளிடமும் கேட்கவில்லை. எழுதித்தான் வைக்கிறேன். மேகலாவுக்குத் திருப்தியாக இருக்கும்.

மே 11, சனி

பக்கத்து வீட்டு ரம்லி டுரியான் பழம் கொண்டுவந்து தந்தார். சுலோவுக்கு டுரியான் நாற்றமே ஆகாது. கல்யாணமான புதிதில் நான் ஒன்று வாங்கி வந்தேன் என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டவள். ரம்லி பழத்தோடு வாசலில் நின்றால் இவள் படுக்கையறைக் கதவைச் சாத்தித் துணியை அடியில் திணிப்பாள்.

இன்று நான் சாப்பாட்டு மேசையிலேயே பிளந்தேன். வேண்டுமென்றேதான். சண்டையாவது வரட்டும் என்று பார்த்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து விமலனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "நல்ல பழமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

வயதாக ஆகப் பொறுமை வரும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பழம் எனக்கு ருசிக்கவில்லை. மூடி, ரம்லியின் பேரன்களுக்கே கொடுத்தனுப்பிவிட்டேன்.

மே 18, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் பசாரிலிருந்து வந்தேன். எங்கள் மாடியில் மின்தூக்கிக் கதவு திறந்ததுமே எரிவாயு நாற்றம். யார் வீடு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நடக்க நடக்கக் கூடியது. எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் மூக்கில் அடிக்கிறது. சுலோ சமையலறையில் பாட்டு முனகிக்கொண்டு நிற்கிறாள். ஓர் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருக்கிறது. திருகு திறந்தபடியே இருக்கிறது. பழைய அடுப்பு, தானாக மூடாது. இவள் பக்கத்து அடுப்பைப் பற்றவைக்கக் கையில் லைட்டரோடு நிற்கிறாள்.

நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன். லைட்டர் தொட்டிக்குள் விழுந்தது. திருகை மூடி, சன்னல்களைத் திறந்து, அவளை இழுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன். ரம்லி எட்டிப் பார்த்து, "அல்லா, என்ன வாடை இது" என்றார்.

"உனக்கு மூக்கு இல்லையா?" என்று கேட்டேன். ரம்லிக்கு முன்னால்தான் கேட்டேன். கோபம்.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?"

"வாசனை இல்ல. ஒன்னும் வரல. காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து. நாக்கும் பாதிதான். உப்பு அள்ளிப் போட்டா லேசாத் தெரியுது. மத்ததெல்லாம் பஞ்சு மெல்லுற மாதிரி."

ரம்லி மெதுவாக உள்ளே போய்விட்டார்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சொன்னா என்ன செய்வீங்க? முப்பத்தஞ்சு வருஷமா தட்டுல கைய வச்சதும் என் மூஞ்சியப் பாப்பீங்க. உப்பு கம்மி, புளி கூட, காரம் பத்தல. நானும் அதெல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சண்ட போடுவேன். எனக்குத்தான் தெரியுமே. இப்ப எனக்குத் தெரியாது. நீங்க சொல்றது நெசமா பொய்யான்னுகூடத் தெரியாது. எத வச்சு சண்ட போடுவேன்?"

சன்னலை இன்னும் கொஞ்சம் திறக்க முடியுமா என்று பார்க்கப் போனேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன் உடம்பு நாறுகிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரிவதில்லையாம். அதனால்தான் மூன்று குளியல். யாரும் முகம் சுளிக்கிறார்களா என்று பேருந்தில் பார்த்துக்கொண்டே வருவாளாம்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க இரண்டு பேருக்குமே மனமில்லை. சிரிக்கும் மிளகாய்க்குப் போனோம். லுவோ அம்மாள் வழக்கம்போல, "நோ பீஃப்!" என்று கத்தினாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சுலோ என்னைக் காட்டி, தன் மூக்கைத் தொட்டு, "ஹி நோஸ்" என்றாள். தெரிந்துவிட்டதாம் எனக்கு.

அந்த அம்மாள் என் தோளைத் தட்டி, "குட், குட்" என்றாள். என்ன குட்? எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியில் எனக்குத் தெரிவது குட்டா? சுலோ வந்த இரண்டாம் நாளே இவளிடம் சொல்லிவிட்டாளாம். அந்த வெள்ளரிக்காயும் கடலையும் பொரித்த சோயாவும் அதற்குத்தான். ருசி தெரியாத வாய்க்குக் கடிக்கவாவது ஏதாவது கிடைக்கட்டும், ஒன்று குளிர்ச்சியாக, ஒன்று மொறுமொறுப்பாக, ஒன்று வழுவழுப்பாக என்று. பாட்டில் பாட்டிலாக மோந்து பார்க்கச் சொன்னதும் அதற்குத்தான். வியாபாரமாவது மண்ணாவது.

"இங்க சாப்பிட்டா மட்டும் வாய்க்குள்ள ஏதோ நடக்குதுங்க. உதடு துடிக்குது, கண்ணுல தண்ணி வருது. சாப்பிடுறேன்னு தெரியுது" என்றாள் சுலோ.

நான் முழுக் கிண்ணமும் சாப்பிட்டேன். உதடு மரத்ததால் பேச வேண்டியிருக்கவில்லை.

மே 24, வெள்ளி

காது மூக்கு தொண்டை மருத்துவர். காத்திருந்த நேரம் அதிகம், பார்த்த நேரம் குறைவு. காய்ச்சலில் மூக்கின் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். திரும்பி வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். மிளகாயின் எரிச்சலும் அந்த மிளகின் விறுவிறுப்பும் வாசனை அல்லவாம். தொடு உணர்ச்சியில் சேர்த்தியாம், அது வேறு நரம்பில் போகிறதாம். அந்தக் கம்பி அறுந்துபோகவில்லை என்று புரிந்துகொண்டேன். அதை லுவோ அம்மாள் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறாள் என்று சுலோ பெருமையாகச் சொன்னாள். மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது சரியாகும் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறவரிடம் என்ன சிரிப்பு?

பயிற்சி கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம், ஒவ்வொன்றாக மோந்து, அதன் பழைய வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் பிடிக்க வேண்டும், அவள் மோந்து பார்க்க வேண்டும்.

எரிவாயு மோப்பக் கருவி ஒன்று வாங்கி நானே சுவரில் மாட்டினேன். அடுப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 5, புதன்

எலுமிச்சை: இல்லை. கிராம்பு: இல்லை. ரோஜா: இல்லை. தைலம்: "குளுகுளுன்னு இருக்கு, வாசனை இல்ல."

வளைகாப்புச் சாப்பாட்டுக்கு வெளியே சொல்லப் போனேன். சுலோ தடுத்தாள். "நானே செய்யறேன். ருசி பாக்குறது நீங்க" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

இந்த நாளைப் போல என் வேலையில்கூட ஒரு நாள் இருந்ததில்லை.

விடிந்ததுமே என்னைச் சமையலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்தாள். புளிக்காய்ச்சல் கொதிக்கிறது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி என் வாயருகே நீட்டுகிறாள்.

"உப்பு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? போதுமா, பத்தாதா?"

முப்பத்தைந்து வருடமாகக் கேட்காமலே சொன்னவனுக்கு இன்று கேட்கும்போது வாய் எழவில்லை. "கொஞ்சம்... பத்தாதுன்னு நெனைக்கிறேன்" என்றேன். உடனே ஒரு சிட்டிகை போட்டாள். மறுபேச்சு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் என்ன சொன்னாலும் போடுகிறாள். தினமும் நூறு பேர் ஏறி இறங்கும் மின்தூக்கிக்கு நான் ஒருவன் கையெழுத்துப் போடுவது போல இருந்தது.

புளிப்பு எப்படி, வெல்லம் தெரிகிறதா, பெருங்காயம் தூக்குகிறதா, தேங்காய் சிவந்த வாசனை வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "கண்ணால பாத்தா செவந்துருக்கு. மூக்குக்கு என்ன சொல்லுது, சொல்லுங்க." தேங்காய்க்கு இப்படியெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. பச்சை வாசனை, பிறகு பிஸ்கெட் வாசனை, அதற்குப் பிறகு ஒரு நொடியில் கருகல். "பிஸ்கெட்டு!" என்று நான் சொன்னதும் அடுப்பை அணைத்தாள். சரியான இடமாம்.

எலுமிச்சைச் சாதம் வரும்போது என் நாக்கு குழம்பிப்போயிருந்தது. எல்லாமே ஒன்றாகத் தெரிந்தது. "இன்னும் உப்பு வேணும்" என்றேன். போட்டாள். "இன்னும்" என்றேன்.

பந்தியில் சம்பந்தியம்மா எலுமிச்சைச் சாதத்தை வாயில் வைத்துவிட்டு, "என்னங்க சுலோச்சனா, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். பந்தி முழுக்க நிமிர்ந்தது. மேகலா கையில் வளையலோடு அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தாங்க போட்டேன்" என்றேன்.

"நீங்களா?"

"ருசி பாத்து நான்தான் போடச் சொன்னேன். தப்பு என்னோடது."

சுலோ சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "கேட்டுக்குங்க எல்லாரும். அவரு போட்ட உப்பு கூடிப்போச்சாம்" என்று என் தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மற்றதெல்லாம் மிச்சமில்லாமல் தீர்ந்தது. எலுமிச்சைச் சாதம் மட்டும் அண்டா நிறைய நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் ராத்திரிக்கு அதுதான்.

ஜூலை 8, திங்கள்

எலுமிச்சை: இல்லை. கிராம்பு: இல்லை. ரோஜா: "இருக்கிற மாதிரி... இல்ல, நெனப்புதான்."

இப்போதெல்லாம் வெளியே போனாலும் விடுவதில்லை. "இது என்ன வாசனை வருது, அது என்ன வாசனை வருது" என்று நச்சரிப்பு. மழை பெய்தால் எப்படி இருக்கிறது? கோப்பிக் கடையில் என்ன வறுக்கிறார்கள்? "மழ வாசனைதான்" என்றால் ஒத்துக்கொள்வதில்லை. வேறு எதைப் போல என்று சொல்ல வேண்டுமாம். லுவோ கடையின் எண்ணெயைப் பற்றி இன்று நான் சொன்னது: "வறுத்த மொளகா, அதுக்கடியில பட்டை, அதுக்கும் அடியில யாரோ எலுமிச்சத் தோல கசக்குன மாதிரி." சுலோ ஒரு கொழுக்கட்டையை வாயில் வைத்துக் கண்ணை மூடி மென்றாள். "ம், போடுங்க, இன்னும்" என்றாள். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் அவ்வளவுதான். மீ ஆறிப்போனது.

ஆகஸ்ட் 12, திங்கள்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மாப்பிள்ளை அழுதான். நான் அழவில்லை. மருத்துவமனைக் குளிர்காற்று கண்ணில் பட்டு நீர் வந்தது.

சுலோ பேத்தியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். குனிந்து அதன் உச்சியில் மூக்கை வைத்தாள். வைத்தபடியே வெகு நேரம் இருந்தாள். பிறகு குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று நடைபாதைக்குப் போனாள். மேகலா, "அம்மா எங்கப்பா?" என்று இரண்டு முறை கேட்டாள். தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள் என்றேன்.

செப்டம்பர் 21, சனி

நாற்பது முடிந்து குழந்தையின் முதல் வெளி உலா. கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். பிறகு எங்கே போகலாம் என்று விமலன் கேட்டான். மேகலா, "அம்மா கடைக்குத்தான்" என்றாள். கைக்குழந்தையை மிளகாய்க் கடைக்குக் கொண்டுபோவதா என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

லுவோ அம்மாள் கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள். அதன் தலையில் மூக்கை வைத்து இழுத்து, சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மாவு பிசையும் பெண் வந்து மோந்தாள். பக்கத்து மேசைக்காரி வந்து மோந்தாள். மேகலாவும் வாங்கி மோந்துவிட்டுத் தள்ளுவண்டியில் கிடத்தினாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள் போல, யோசிக்காமலே. சுலோ தன் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறி முடித்த பிறகும் கிளறிக்கொண்டிருந்தாள்.

மேகலாவும் விமலனும் கைப்பேசியில் படம் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தபோது, சுலோ என் பக்கம் சாய்ந்தாள்.

"குழந்த எப்படி மணக்குது?"

குனிந்து மோந்தேன். "பவுடர்" என்றேன்.

"பவுடர் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். அதுக்குக் கீழ."

"இந்த எண்ணெ வாசனையில என்னத்தத் தெரியும்? கடையே மொளகாயா மணக்குது. வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு மீ வந்துவிட்டது. ஆறினால் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், இத்தனை மாதத்தில் அது எனக்குத் தெரியும். ஒரு வாய் எடுத்தேன். இன்னொரு வாய் எடுக்க முடியவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். "அப்பா, எங்க போறீங்க?" என்று மேகலா கூப்பிட்டாள். புளோக்கின் அடித்தளத்தில், கடை நாற்றம் வராத தூணுக்குப் பின்னால் நின்று, குழந்தையின் உச்சியில் மூக்கை வைத்தேன். நடந்துபோன ஒரு கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தேன். முதலில் பவுடர்தான். பிறகு அது விலகியது. கீழே வேறொன்று இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

உள்ளே வந்து சுலோவின் காதருகே சொன்னேன்.

"உச்சியில வெயில்ல காயப்போட்ட அரிசி மாதிரி. சூடா, காஞ்சு."

"ம்."

"கழுத்து மடிப்புல மோர். லேசாப் புளிச்சது. கையில இஸ்திரி போட்ட துணி."

"ம்." கண்ணை மூடியிருந்தாள். "காதுக்குப் பின்னால?"

"அங்க பாக்கல."

"பிள்ளைக்கு அங்கதான் இருக்கும்."

என் கிண்ணத்தைப் பார்த்தேன். மீ ஒட்டிக் கட்டியாகிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் வெளியே போனேன்.